நான்கு வாரம் படித்துக் காட்டினால் போதும்



பிளஸ் டூ மதிப்பெண் குறைந்துவிட்டது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வும் எழுதவில்லை. இனி ஐ.ஐ.டி. என்ற பேச்சே வேண்டாம். பல வீடுகளில் இப்படி முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். இன்னொரு வழி இருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியல் படிப்பு ஒன்றை அறிவித்தது. வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். பி.எஸ். பட்டம் வரை போகலாம். இதற்கு ஜே.இ.இ. கட்டாயம் இல்லை.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை. வாரந்தோறும் பயிற்சி உண்டு. பிறகு, நடத்திய பாடத்திலிருந்தே தேர்வு. தேறியவர் எல்லோருக்கும் இடம் உண்டு.

கல்யாணத்துக்குச் சமையல்காரர் பார்க்கிறோம். அவருடைய சான்றிதழையா கேட்கிறோம்? ஒரு வேளை சமைக்கச் சொல்லி, ருசி பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான். பழைய மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. இப்போது படிக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்தப் படிப்பில் சேர, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். எந்தப் பிரிவானாலும் சரி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் கிடைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். சேருவதற்குத்தான் ஜே.இ.இ. வேண்டாம். படிப்பு எளிதல்ல. முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். தினமும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கே இது பொருந்தும்.

உங்கள் தெருவில் மதிப்பெண்ணை நினைத்துச் சோர்ந்திருக்கும் பிள்ளை இருக்கலாம். இன்றே அவரிடம் சொல்லுங்கள். பழைய மதிப்பெண் முடிவல்ல. நான்கு வாரம் படித்துக் காட்டினால் போதும்.