கடற்கரை வெற்று நிலம் அன்று
(கலை இலக்கியக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடற்கரை ஓவியங்களுக்குப் பஞ்சமில்லை. வானும் அலையும் மணலும் அவற்றில் நிறைந்திருக்கும். வலை இழுப்பவர் இருந்தால் தொலைவில் ஒரு புள்ளியாக இருப்பார். ஆளற்ற அழகாகத் தீட்டப்படும் கரையை, ஆளற்ற நிலமாகத் திட்ட வரைபடத்தில் காட்டுவது எளிது. தமிழின் திணை மரபு இதற்கு மாறானது. நெய்தல் என்பது கடலோடும் மணலோடும் முடிவதில்லை. பரதவரும் அவர்தம் மீன்பிடித் தொழிலும் உப்பு விளைத்தலும் சேர்ந்ததே நெய்தல். நிலத்தையும் உழைப்பையும் பிரிக்காத இத்தகைய பார்வை, இன்று இந்தியக் கடற்கரைகளில் பணியாற்றும் சில கலைஞர்களிடம் வெளிப்படுகிறது.

இதற்கு நாட்டின் முற்போக்குக் கலை வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. 1942 அக்டோபரில் வங்கத்தின் மிதுனாப்பூர் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. கடல்நீர் வயல்களில் புகுந்தது. அதற்கு முன்பே, ஜப்பானியப் படைகளின் கைக்குப் போய்விடக் கூடாது என்ற பெயரில், கடலோர வங்கத்தின் படகுகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்திருந்தது. படகிழந்த மீனவரையும் நிலமிழந்த விவசாயியையும் 1943 பஞ்சம் ஒருங்கே விழுங்கியது. கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியரான சித்தபிரசாத் அவ்வாண்டு நவம்பரில் மிதுனாப்பூர் மாவட்டத்தில் பயணம் செய்து, தாம் கண்ட மனிதர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். ‘பசித்த வங்கம்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்த அந்நூலின் படிகளை ஆட்சியாளர்கள் கைப்பற்றி அழித்தனர். புயலை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லியிருந்தால் எந்த அரசும் அந்நூலைக் கண்டு அஞ்சியிருக்காது. பேரழிவில் ஆட்சியின் கை இருந்ததை அது காட்டியது.

இன்றைய அழிவிலும் அந்தக் கை உண்டு. 1990 முதல் 2018 வரையிலான காலத்தை ஆய்வு செய்த தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம், இந்தியப் பெருநிலக் கடற்கரையில் சுமார் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கூறுகிறது. கடல் மட்ட உயர்வும் புயல்களும் காரணங்கள்தாம். ஆனால் கடலுக்குள் நீளும் துறைமுக அலைத்தடுப்புச் சுவர், கரையோரமாக நகரும் மணலை ஒருபக்கம் தேக்குகிறது. மறுபக்கத்துக் கிராமம் மணலை இழந்து கரைகிறது. இந்நிலையில்தான் 2019 ஜனவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதியை 50 மீட்டராகச் சுருக்கியது.

மும்பையில் இந்த முரண்பாடு கண்முன் நிற்கிறது. அம்மாநகரத்தின் தொல்குடிகள் கோலி மீனவர்கள். அவர்களுடைய கோலிவாடா குடியிருப்புகள் உயர்மாடிக் கட்டடங்களுக்கிடையே சுருங்கிக் கிடக்கின்றன. தானே நகரின் செந்தனி கோலிவாடாவைச் சேர்ந்த சிற்பி பராக் தாண்டேல் அச்சமூகத்தவர். ‘தாண்டேல்’ என்றால் படகின் தலைவர். தூத்துக்குடித் தோணித் தொழிலாளர் ‘தண்டல்’ என்று சொல்லும் அதே சொல். கடலுயிர்களும் மீனவர் வாழ்வுமே அவரது சிற்பங்களின் கருப்பொருள். கதம்பரி கோலியுடன் இணைந்து அவர் உருவாக்கிய ஆவணக் காப்பகம், அம்மக்களின் நினைவுகளையும் பண்பாட்டையும் திரட்டுகிறது. ஒரு மீனின் பெயர் மறையும்போது, அம்மீன் எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் கிடைக்கும் என்ற அறிவும் மறைகிறது. ஆகவே இத்தகைய ஆவணம் பழம்பெருமை பேசுவதற்கானதன்று. கடல் மீதான உரிமைக்குச் சான்று.

அச்சான்றின் தேவையை வொர்லி கோலிவாடாவின் போராட்டம் உணர்த்தியது. மும்பைக் கடற்கரைச் சாலைத் திட்டத்தில், படகுகள் கடலுக்குள் செல்லும் வழியில் பாலத் தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி போதும் என்றனர் பொறியாளர்கள். நீரோட்டத்தையும் காற்றையும் அறிந்த மீனவர்கள் அதை ஏற்கவில்லை. கடலிலேயே பணிகளை மறித்தனர். இறுதியில், 2022 டிசம்பரில், 120 மீட்டர் இடைவெளிக்கு அரசு இணங்கியது. மீனவர் கோரியது இதைவிடக் கூடுதல் என்றாலும், அவர்களின் பட்டறிவு வரைபடத்தைத் திருத்தியது.

உழைப்பவரே பதிவாளராக மாறும் வழியையும் மும்பைக் கலைஞர்கள் காட்டியுள்ளனர். ஷைனா ஆனந்த், அசோக் சுகுமாரன் உள்ளிட்டோர் தொடங்கிய ‘கேம்ப்’ கலைக்குழு, 2013இல் ‘வளைகுடாவிலிருந்து வளைகுடாவுக்கு, அங்கிருந்து வளைகுடாவுக்கு’ என்னும் பொருள்படும் திரைப்படத்தை உருவாக்கியது. கட்ச் வளைகுடாவிலிருந்து மரக்கலங்களில் சென்று அரபு நாடுகளுக்கும் சோமாலியாவுக்கும் சரக்கேற்றும் மாலுமிகள் தங்கள் கைபேசிகளில் எடுத்த காட்சிகளே அப்படத்தின் அடிப்படை. நடுக்கடலில் உழைப்பும் ஓய்வும் ஆபத்தும் எப்படியிருக்கும் என்பதை அங்கு வாழ்வோரின் கண்களே காட்டுகின்றன.

இத்தகைய கலைக்கும் எல்லை உண்டு. அரிக்கப்பட்ட வீட்டின் படம் மாநகரக் கலைக்கூடத்தில் விலைபோகும். வீட்டை இழந்தவர் அக்கூடத்திற்குள் நுழையவே தயங்குவார். கடற்கரையை விழுங்கும் மூலதனம், கடற்கரை பற்றிய கண்காட்சிக்குப் புரவலராகவும் வரும். படைப்பு எவருடைய பணத்தில் உருவாகிறது, எங்கே காட்டப்படுகிறது, யாரிடம் திரும்பிச் செல்கிறது என்ற கேள்விகளைக் கலைஞர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

பால்கர் மாவட்டத்தில் 76,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பீட்டில் வத்வான் துறைமுகத்திற்கு 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மீனவரும் விவசாயிகளும் ஆதிவாசிகளும் அதை எதிர்த்துப் போராடி வருகின்றனர். அங்குள்ள மீன்பாடுகளும் படகுத்துறைகளும் வழக்குச் சொற்களும் இப்போதே பதிவு செய்யப்பட வேண்டியவை. ஓவியரும் ஒளிப்படக் கலைஞரும் மீனவர் சங்கங்களோடு இணைந்து அப்பணியை மேற்கொள்ள வேண்டும். முதல் கண்காட்சி மீன் ஏலக்கூடத்தில் நடக்கட்டும். பிழையிருந்தால் திருத்தும் தகுதி அங்கு கூடுவோருக்கே உண்டு. அவ்வாறு திருத்தப்பட்ட பதிவு, பொது விசாரணையிலும் நீதிமன்றத்திலும் மக்களின் வாதத்திற்குத் துணை நிற்கும்.