வீட்டுச் சின்னத்துக்குள்ளே
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



அரசறிவியல் கற்பிக்கிறேன் என்றால் எல்லோரும் பாராளுமன்றத்தைப் பற்றியே கேட்பார்கள். நான் பேச வந்தது நமது வட மாகாண சபையைப் பற்றி.

1987இன் 13ஆவது திருத்தத்தின் வழி வந்தவை மாகாண சபைகள். வடக்குத் தனியாகப் பிரிந்தபின் அதற்கான முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. அந்த முப்பதையும் நாம் ஒரே ஆளாகவே எண்ணினோம். வீட்டுச் சின்னத்துக்குள்ளே தமிழரசுக் கட்சி, ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ். என்று பல கட்சிகள். சின்னத்துக்கு ஒரு புள்ளடி, வேட்பாளர் மூவருக்கு விருப்பு வாக்கு; ஆகவே ஒரே பட்டியலில் நின்றவர்களே ஒருவருக்கொருவர் போட்டி. 2017 ஜூனில் முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் போனபோது ஊரே அதிர்ந்தது. பட்டியலை முன்னரே ஊன்றிப் பார்த்திருந்தால் அவ்வளவு அதிர்ச்சி வந்திராது.

உறுப்பினர் ஒருவரை ஆராய்வதென்றால் கட்சிப் பெயரோடு நின்றுவிடாதீர்கள் என்று மாணவிகளுக்குச் சொல்வேன். தீர்மானம் வேறு, நியதிச்சட்டம் வேறு. தீர்மானத்துக்கு மறுநாளே தலைப்புச் செய்தி கிடைக்கும். நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். அவர் திருப்பியும் அனுப்பலாம். அந்த இழுபறியில் பொறுமையாக இருந்து உழைத்தவர் யார் என்பதைச் சபைக் குறிப்புகளில்தான் தேட வேண்டும்.

பெண்கள் பாடசாலை மேடையில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மாவட்டங்களில் மக்கள் தெரிவுசெய்த 36 பேரில் பெண் ஒருவரே: அனந்தி சசிதரன். 87,870 விருப்பு வாக்குகள், யாழ். மாவட்டத்தில் இரண்டாம் இடம். பெண்ணுக்கு எங்கள் சனம் வாக்குப் போடாது என்று சொல்லும் ஐயாமார் இந்த எண்ணை ஒருமுறை வாசிக்கட்டும்.

சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு சொல். அந்தச் சபையில் அலுவலராகவோ செய்தியாளராகவோ இருந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். உங்களிடமுள்ள நிகழ்ச்சி நிரல், துண்டுப்பிரசுரம், குறிப்புக்கொப்பி எதையும் எறிந்துவிடாதீர்கள். நமது நூலகத்துக்குத் தாருங்கள். வெளிநாட்டுச் சகோதரிகளே, அம்மா அப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.