இதய அறுவைக்குப் பின் இரத்த அழுத்தம்

(விழாவின் மருத்துவ அரங்கில் ஆற்றிய உரை)



1975ஆம் ஆண்டு சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நம் நாட்டின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்தார். அன்று அரிதாயிருந்த அச்சிகிச்சை இன்று நம் இல்லங்களிலும் பலர் பெற்ற ஒன்றாகிவிட்டது. அறுவை வெற்றியடைந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அதன் பயனைக் காப்பது இரத்த அழுத்தக் கட்டுப்பாடே.

அறுவை முடிந்த முதற்சில மணி நேரத்தில் அழுத்தம் உயர்வது பலருக்கும் நேர்வது. உடற்குளிர்ச்சியும், வலியும், மயக்கம் தெளியும் வேளையின் கலக்கமும் நரம்புகளைத் தூண்டுவதால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் குறுகிய மதகின் வழியே நீரைத் தள்ளுவதுபோல் உழைக்க வேண்டியதாகிறது. அப்போது புதிய தையல்களில் குருதி கசியலாம். மூளையிலும் இரத்தக்கசிவு நேரலாம்.

ஆகவே குழாய்களை விரிக்கும் மருந்துகளைச் சிரைவழியே சிறுகச் சிறுகச் செலுத்துவர். நைட்ரோகிளிசரின் பெரும்பாலும் சிரைகளைத் தளர்த்தி, இதயத்திற்குத் திரும்பும் குருதியைக் குறைக்கும். நைட்ரோபுருசைடு தமனி, சிரை இரண்டையும் விரிக்கும். அது நொடிகளில் செயற்படும். நிறுத்தினால் சில நிமிடங்களில் ஓயும். மிகுந்த அளவில் நெடுநேரம் செலுத்தினால் உடலில் சயனைடு நஞ்சு சேரும். அதனாலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் இடையறாது கண்காணிக்கின்றனர்.

வீடு திரும்பியபின் அம்லோடிபின், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் அப்பணியைத் தொடர்கின்றன. முன்னதால் கணுக்கால் வீங்கலாம். பின்னதால் வறட்டு இருமல் வரலாம். எழுந்து நிற்கையில் தலைசுற்றலும் உண்டாகலாம். இவற்றை மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். தாமாக நிறுத்துவது தகாது. "நன்றாகத்தானே இருக்கிறேன், இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்போர் பலர். உயர் அழுத்தம் பெரும்பாலும் எவ்வறிகுறியும் காட்டாது. நலமாயிருப்பது மருந்தின் பயனாகவும் இருக்கலாம்.

நம் இல்லங்களுக்குரிய செய்தி ஒன்றுண்டு. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நீரும் அருந்தாது நோன்பிருப்போர் உளர். உடலில் நீர் குறைந்திருக்கையில் இம்மருந்துகள் அழுத்தத்தை அளவிறந்து தாழ்த்தலாம். ராமிப்ரில் போன்றவை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். நோன்புக்காக மருந்தை விட்டாலோ அழுத்தம் மீண்டும் ஏறும். எனவே நோன்பு ஏற்பதற்குமுன் மருத்துவரைக் கலந்து, அவர் சொற்படி நடப்பதே முறை. இரவுண்ணாமைக்கு இடையூறில்லை, நாளுக்கு ஒருமுறை கொள்ளும் மாத்திரைகளைப் பெரும்பாலும் பகலிலேயே கொள்ள வழியுண்டு. அதையும் அவரிடமே கேட்டறிக.

ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்திடுக. வீட்டில் அழுத்தத்தை அளந்து குறித்து வைத்திடுக. இளையோர், முதியோரின் மாத்திரைகளை நாள்தோறும் எண்ணிப் பார்த்திடுக.

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை நம் அறம். தம்முயிரும் அவ்வுயிர்களுள் ஒன்றே.