விடைத்தாள் திரும்பி வரும் நாள்



நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு லாரியும் முட்டையும் நினைவுக்கு வரும். அடுத்து பிளஸ் டூ மார்க். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை நீக்கிய பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே பொறியியலுக்கும், 2016 வரை மருத்துவத்துக்கும் வாசலாயிற்று. கட்ஆஃபில் அரை மார்க் குறைந்தால் கல்லூரியே மாறிவிடும். அந்த அரை மார்க்குக்காக எத்தனையோ குடும்பங்கள் கடன்பட்டு ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் பிள்ளைகளை விடுதியில் சேர்க்க வந்தன. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தறிக்குழியில் உட்கார்ந்து கால் மரத்துப்போன ஒரு தகப்பன், தன் மகனுக்கு அது வேண்டாம் என்று நினைத்தது நியாயமே.

ஆனால் தினம் ஒரு டெஸ்ட், வாரம் ஒரு டெஸ்ட் என்று பல விடுதிகளில் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதியதைத் திரும்பிப் பார்க்க நேரம் எங்கே இருந்தது? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிப் போன பள்ளிகள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. ரேங்க் பட்டியலும் அதே ஆண்டு நின்றது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வை விலக்கியது. தேர்வு வரும், போகும். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 52இல் 27 போனால் எவ்வளவு? ஒரு சிறுமி 35 என்று எழுதுகிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பூஜ்யம், அவ்வளவுதான். அந்த 35 எப்படி வந்தது என்று யாராவது கேட்டோமா? ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்று போட்டிருக்கிறாள். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள்! அந்தக் குழந்தை மக்கும் அல்ல, இது கவனக்குறைவும் அல்ல. கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு விளங்கவில்லை. பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்து எடுக்கச் சொன்னால் விளங்கிவிடும். வகுப்பில் பாதிப்பேர் 35 எழுதியிருந்தால், ஆசிரியர் தாம் நேற்று நடத்திய பாடத்தையே திரும்பப் பார்க்க வேண்டும்.

பெருக்கல் குறிக்கும் மார்க்குக்கும் பதிலாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். மார்க்கைச் சேர்த்துக் கொடுத்ததும் குறிப்பின் பலன் போய்விட்டது. நம் வீட்டுப் பிள்ளையும் முதலில் மார்க்கைத்தானே பார்க்கிறது?

பிள்ளையின் பிழையைக் கவனித்துக் கற்பிக்க நம் அரசுப் பள்ளிகளிலும் வழி திறந்துதான் இருக்கிறது. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். பிள்ளை கற்கும்போதே ஆசிரியர் கவனிக்கத்தான் அந்த 40. பல இடங்களில் அது பதிவேட்டை நிரப்பும் வேலையாகிவிட்டது என்பதை வேதனையோடு சொல்கிறேன். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கச் சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்தே தொடங்கலாம். அந்த அனுமதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இங்கே தலைமையாசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். ஐயா, அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுக்கும் நாளில் புதுப் பாடம் வேண்டாம். அந்தப் பாடவேளை முழுவதும் பிள்ளைகள் தம் தாளைத் தாமே படிக்கட்டும். எங்கே தடுக்கியது, ஏன் தடுக்கியது என்று இரண்டு வரி எழுதட்டும். அதை வாங்கிப் படித்துவிட்டு மறுநாள் பாடத்தைத் தொடங்குங்கள். தாய்மார்களே, பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க் ஷீட்டோடு மட்டும் திரும்பாதீர்கள். விடைத்தாளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.