சிற்றுருவும் பெருந்துணிவும்

நாயின் நன்றியை அறியாதார் இலர். யானையின் நட்பினும் நாயின் நட்பே மேலானது என்பது நாலடியார் காட்டும் உண்மை. ஆயினும், வீரம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன வேட்டைநாயும் காவல்நாயுமே. மடியில் வைத்துக் கொஞ்சும் சிறுநாயிடம் வீரத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவ்வெண்ணத்தை மாற்றியது ஸ்மோக்கி என்னும் ஒரு சிறு பெட்டைநாய்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டில், நியூகினித் தீவின் காட்டிலே, கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் அமெரிக்கப் போர்வீரர் ஒருவர் இதனைக் கண்டெடுத்தார். யோர்க்ஷயர் டெரியர் என்னும் இனத்தைச் சேர்ந்த அதன் நிறை ஏறக்குறைய 4 இறாத்தல். உயரம் 7 அங்குலம். ஒஹாயோ மாநிலத்தவரான வில்லியம் வின் என்னும் விமானப்படை வீரர் இரண்டு அவுஸ்திரேலியப் பவுண் கொடுத்து அதனை வாங்கினார். படையிற் சேர்க்கப்பட்ட நாய்களுக்கு உரிய உணவும் மருத்துவமும் அதற்குக் கிடைக்கவில்லை. வின் தம் உணவையே அதனோடு பகிர்ந்துண்டார். தம் கூடாரத்திலேயே அதற்கு இடந்தந்தார். ஓய்வு வேளைகளிற் பல வித்தைகளையும் பழக்கினார்.

1945ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்படைப்பிரிவு பிலிப்பைன்சின் லூசோன் தீவிலுள்ள லிங்காயன் விமானத்தளத்தை அடைந்தது. செய்தித் தொடர்புக்கான கம்பியை ஓடுபாதையின் கீழாகக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அங்கே புதைந்து கிடந்த குழாயின் நீளம் 70 அடி. விட்டம் 8 அங்குலம் மட்டுமே. இணைப்புகளின் வழியே மண் புகுந்து, சிலவிடங்களிற் பாதியளவு தூர்ந்தும் இருந்தது. பாதையைத் தோண்டுவதாயின் மூன்று நாள் செல்லும். பகைவரின் குண்டுவீச்சுக்கு அஞ்சியவாறே வீரர்கள் வெட்டவெளியில் உழைக்கவும் நேரும்.

கம்பியோடு பிணைத்த நூல் ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டியிற் கட்டப்பட்டது. வின் மறுமுனைக்கு ஓடிச்சென்று அழைத்தார். நாய் சில அடி உள்ளே சென்றது. இருளைக் கண்டு திரும்பி ஓடிவந்தது. அவர் மீண்டும் உரத்த குரலில் அழைத்தார். அது மறுபடியும் நுழைந்தது. இடையில் நூல் சிக்கியபோது நின்று திரும்பிப் பார்த்தது. சிக்கு விட்டதும், அழைக்கும் குரலை நோக்கி மண்மேடுகளின்மேல் தவழ்ந்து முன்னேறியது. சில நிமிடங்களில் மறுமுனையில் வெளிப்பட்டது. மூன்று நாள் வேலை முடிந்தது.

போர் முடிந்தபின் வின்னுடன் அமெரிக்கா சென்ற ஸ்மோக்கி 1957ஆம் ஆண்டில் இறந்தது. அது புதைக்கப்பட்ட ஒஹாயோவில் 2005ஆம் ஆண்டு அதற்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அச்சிறுநாயின் வரலாற்றை நூலாக எழுதிய வின் 2021ஆம் ஆண்டில், தமது 99ஆவது வயதிற் காலமானார்.

நேயர்களே, அந்தக் குழாயினுள் ஸ்மோக்கி முதலில் அஞ்சித் திரும்பியதை நாம் மறத்தலாகாது. அச்சம் இல்லாமையன்று அதன் வீரம். அச்சத்தை வென்றமையே அதன் வீரம். போரின் காரணத்தை அது அறியாது. கம்பியின் பயனையும் அறியாது. தனக்கு உணவும் இடமும் தந்த ஒருவரின் குரலை மட்டுமே அறியும். அந்தக் குரல் முன்னர் ஒருநாளும் அதனை வஞ்சித்ததில்லை. சிறுவரிடத்துத் துணிவை எதிர்பார்க்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. இருளின் மறுமுனையில் நின்று அழைக்கும் குரல் நம்பத்தக்கதாயின், மிகச் சிறியோரும் அதனைக் கடந்து வருவர்.