வந்த பணம் திரும்பிப் போனால்…
(உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைக் கூப்பிட்டபோது, "கணக்கு வழக்கு பற்றி அரை மணி பேசுங்கள், ஆனால் யாரும் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். முதல் விஷயத்துக்கு நான் பொறுப்பு. இரண்டாவதற்கு வெளியே தயாராகிக்கொண்டிருக்கும் காபிதான் பொறுப்பு.

மும்பைக்கு வந்த நம் முன்னோர்களில் பலர் சம்பளக்காரர்கள். வங்கி, ரயில்வே, கம்பெனி ஆபீஸ் என்று மற்றவர்களின் கணக்கை எழுதினார்கள். இன்று மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று எங்கே பார்த்தாலும் நம்மவர் வீடுகளில் யாராவது ஒருவர் சொந்தமாக வியாபாரம் செய்கிறார். ஒருவர் காஞ்சிபுரத்துப் புடவையை வரவழைத்து விற்கிறார். இன்னொருவர் ஊறுகாயும் பொடியும் அனுப்புகிறார். பணம் கார்டிலும் யு.பி.ஐ.யிலும் வருகிறது. கணக்கை டாலியில் மாலையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. விஷயம் ஒன்றே ஒன்று: சார்ஜ்பேக்.

செக் திரும்பி வருவது நம் எல்லோருக்கும் தெரியும். சார்ஜ்பேக் அதற்குத் தூரத்து உறவு. செக்கில், பணம் நம் கைக்கு உறுதியாக வருவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். சார்ஜ்பேக்கில் பணம் வந்து, அதை நாம் செலவும் செய்த பிறகு, வாடிக்கையாளர் தம் வங்கியிடம் புகார் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். கார்டு விஷயத்தில் பல காரணங்களுக்கு 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. தீபாவளிக்கு விற்ற புடவையின் பணம் பொங்கல் கழித்துத் திரும்பிப் போகலாம்.

அது போகும் வழியைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தமக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம் சொல்கிறார். அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க் வழியாக நம் பக்கத்து வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நமக்குச் சேவை தரும் பேமென்ட் கேட்வேக்கு வருகிறது. கேட்வே நமக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, சில நாட்கள் கெடு கொடுத்து, "உங்கள் ஆதாரம் என்ன?" என்று கேட்கிறது. பெரும்பாலும் அதே சமயத்தில் அந்தத் தொகையையும் அடுத்த பட்டுவாடாவில் பிடித்துக்கொள்கிறது.

இந்த உரிமை வாடிக்கையாளருக்கு நியாயமாகக் கிடைத்தது. அமெரிக்காவில் 1974-ல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறெங்கோ இருந்து, அவரும் மூன்று வேலை நாட்களுக்குள் தகவல் கொடுத்துவிட்டால், அவருக்கு நஷ்டம் கிடையாது என்றது. நாமும் வாடிக்கையாளர்கள்தானே, இதைக் குறை சொல்ல முடியாது. 2009-லிருந்து இணையத்தில் நம் நாட்டுக் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயமானதால், "நான் வாங்கவே இல்லை" என்ற புகார் நிலைப்பது சற்றுக் கடினம். ஆனால் "பொருள் வரவில்லை", "சொன்னது ஒன்று, வந்தது ஒன்று" என்ற புகார்கள் எப்போதும் வரலாம். ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டுக் கார்டில் வரும் ஆர்டருக்குக் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணம், தொகைகள் எல்லாம் நாமாக வைத்துக்கொண்டவை. டெல்லியில் இருப்பவருக்கு ஒரு பட்டுப் புடவை, விலை ரூ.20,000. ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ரூ.1,000. மொத்தம் ரூ.21,000. கேட்வே தன் கட்டணம் 2 சதவீதமான ரூ.420-ஐயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.75.60-ஐயும் கழித்துக்கொண்டு ரூ.20,504.40 அனுப்பியது. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து வேறு விற்பனைகள் ரூ.30,000-க்கு நடந்தன. அதற்குக் கட்டணமும் வரியும் ரூ.708 போக ரூ.29,292 வர வேண்டும். வங்கியில் வந்ததோ ரூ.7,702. நடுவில் டெல்லிக்காரரின் சார்ஜ்பேக் ரூ.21,000-ம், சார்ஜ்பேக் கட்டணம் வரியோடு ரூ.590-ம் பிடிக்கப்பட்டிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். சிலர் வங்கியில் வந்த ரூ.7,702-ஐ அப்படியே விற்பனை வரவாக எழுதுவார்கள். அப்படி எழுதினால் ரூ.30,000 விற்பனை ரூ.7,702 ஆகிவிடும், ஜி.எஸ்.டி. கணக்கும் பொய்யாகும். சிலர் இரண்டு மாதத்துக்கு முந்தைய ரசீதைத் தேடிப் பிடித்து அழித்துவிடுவார்கள். அன்று வங்கியில் பணம் வந்தது உண்மை. அதை அழித்தால் வங்கிக் கணக்கோடு நம் கணக்கு ஒத்துப்போகாது. வேறு சிலர் உடனே விற்பனைத் திரும்பல் என்று கிரெடிட் நோட் போட்டுவிடுவார்கள். புடவை டெல்லியில் பீரோவில் இருக்கிறது. நம் கணக்கில் மட்டும் அது கடைக்கு வந்துவிடுகிறது!

நான் சொல்ல வந்தது இதுதான். சார்ஜ்பேக்கில் திரும்பிப் போவது பணம். விற்பனை திரும்பிப் போயிற்றா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் பிறகுதான் தெரியும். ஆகையால் முதல் நாளில் பணத்தை மட்டும் எழுதுங்கள். விற்பனையைத் தொடாதீர்கள்.

டாலி பிரைமில் இதைச் செய்யும் முறை எளிது. முதலில் கேட்வேக்கு ஒரு தனி லெட்ஜர் திறந்து, நடப்புச் சொத்துகள் பிரிவில் வையுங்கள். கேட்வே கட்டணத்துக்கும் சார்ஜ்பேக் கட்டணத்துக்கும் தனித்தனிச் செலவு லெட்ஜர்கள். வாடிக்கையாளர் லெட்ஜரில் பில்வாரி விவரம் காட்டும் வசதியைத் திறந்துவையுங்கள்.

விற்றபோது எஃப்8 விற்பனை வவுச்சர். வாடிக்கையாளர் கேட்வேயில் பணம் கட்டியதும் எஃப்7 ஜர்னல்: கேட்வே டெபிட் ரூ.21,000, வாடிக்கையாளர் கிரெடிட் ரூ.21,000. கேட்வே பிடித்த கட்டணத்தையும் அதன் வரியையும் டெபிட் செய்து, கேட்வேயைக் கிரெடிட் செய்யுங்கள். பணம் வங்கிக்கு வந்ததும் எஃப்6 ரசீது: வங்கி டெபிட், கேட்வே கிரெடிட்.

சார்ஜ்பேக் வந்த நாளில் மறுபடியும் எஃப்7. இப்போது வாடிக்கையாளர் டெபிட் ரூ.21,000, கேட்வே கிரெடிட் ரூ.21,000. பழைய பில் எண்ணையே ஒரு அடையாளத்தோடு புதிய குறிப்பாகக் கொடுங்கள். கீழே விவரக் குறிப்பில் கேட்வே கொடுத்த வழக்கு எண்ணையும், பதில் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியையும் எழுதுங்கள். பிறகு சார்ஜ்பேக் கட்டணம் ரூ.500, அதன் வரி ரூ.90, இரண்டும் டெபிட். கேட்வே கிரெடிட் ரூ.590. கடைசியில் வங்கிக்கு வந்த ரூ.7,702-க்கு ரசீது.

இப்போது கேட்வே லெட்ஜரைக் கூட்டிப் பாருங்கள். ரூ.30,000-லிருந்து 708, 21,000, 590, 7,702 எல்லாம் கழித்தால் மீதி பூஜ்யம். ஒவ்வொரு மாதமும் கேட்வே தரும் பட்டுவாடா அறிக்கையோடு இந்த மீதியை ஒப்பிடுங்கள். நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்து கண்ணில் படாமல் போனாலும், பூஜ்யம் ஆகாத மீதி உங்களுக்குச் சொல்லிவிடும்.

டெல்லிக்காரர் இப்போது மீண்டும் நமக்குக் கடன்காரர். வழக்கு மூன்றில் ஒரு வழியில் முடியும்.

ஒன்று, நம் ஆதாரத்தை ஏற்றுக்கொண்டு பணம் திரும்ப வரும். கேட்வே டெபிட், வாடிக்கையாளர் கிரெடிட். தீர்ந்தது. விற்பனையைத் தொடாததால் ஜி.எஸ்.டி.யில் எந்தத் திருத்தமும் வேண்டாம்.

இரண்டு, புடவையில் உண்மையிலேயே குறை இருந்து அது நம்மிடம் திரும்பி வருகிறது. இப்போதுதான் கிரெடிட் நோட், ஆல்ட் எஃப்6. விற்பனையில் ரூ.20,000, வரியில் ரூ.1,000 குறையும், புடவை சரக்கிருப்பில் ஏறும். 2017-ன் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 34-வது பிரிவு இதை அனுமதிக்கிறது. விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியோ அதற்குள் இதை ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

மூன்று, புடவை அவரிடமே இருக்கிறது, பணமும் அவரிடம் போய்விட்டது. இது வாராக் கடன். வாராக் கடன் டெபிட் ரூ.21,000, வாடிக்கையாளர் கிரெடிட். இதற்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் போட முடியாது. பணம் வராமல் போவது 34-வது பிரிவு சொல்லும் காரணங்களில் இல்லை. ஆகவே நாம் அரசாங்கத்துக்குக் கட்டிய ரூ.1,000-ம் போனதுதான். ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் கட்டணங்களின் மேலுள்ள வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டாலும், அந்தப் புடவையில் அவர் இழந்தது 21,000, 420, 500 ஆக ரூ.21,920. பதிவு இல்லாதவர்களுக்குக் கட்டணத்தின் மேலுள்ள வரியும் சேர்ந்து செலவுதான். வருமான வரியில் வாராக் கடனாகக் கழிவு கேட்க வேண்டுமானால் அந்த ஆண்டுக் கணக்கில் அதைத் தள்ளுபடி எழுதியிருக்க வேண்டும். 'சந்தேகக் கடனுக்கு ஒதுக்கீடு' என்று வைத்தால் நமக்குக் கழிவு கிடையாது.

பாருங்கள், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் ஒரு வவுச்சர்தான். அவசரப்பட்டு முதல் நாளே கிரெடிட் நோட் போட்டவர், மூன்றாவது வழியில் முடிந்தால், கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக் காட்டியவர் ஆகிறார். பின்னால் வட்டியோடு கட்ட நேரிடும்.

உங்களில் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கெழுதும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அதை அணைத்துவைக்கக் கூடாது. பழைய ரசீதை அழித்தால் அழித்ததும் தெரியும். தனி நபர் வியாபாரத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும், அடித்துத் திருத்தாமல் புதிய வரியில் எழுதுவது நம் தாத்தா காலத்துப் பேரேட்டிலிருந்தே நல்ல பழக்கம்.

முடிப்பதற்கு முன், கணக்கைத் தாண்டி நாலு வார்த்தை.

வாடிக்கையாளர் ஃபோன் செய்து கோபித்துக்கொண்டால், பணத்தைத் தனியாகத் திருப்பி அனுப்புவதற்கு முன் சார்ஜ்பேக் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நோட்டீஸுக்கே "ஏற்றுக்கொள்கிறோம்" என்று பதில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே புடவைக்கு இரண்டு முறை பணம் போகும்.

அடுத்தது, கார்டு அறிக்கையில் நம் கடை என்ன பெயரில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைக்கு ஒரு பெயர், அறிக்கையில் வேறொரு பெயர் என்றால், பெயர் புரியாமலே சிலர் புகார் கொடுத்துவிடுவார்கள். ஆர்டர் செய்தியிலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு, பில், கூரியர் ரசீது, சேர்த்ததற்கான அத்தாட்சி, வாட்ஸ்அப் பேச்சு இவற்றை பில் எண் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். கெடு சில நாட்கள்தான். அப்போது தேட ஆரம்பித்தால் கிடைக்காது. கெடு தவறினால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் தோல்விதான்.

கடைசியாக, விலை உயர்ந்த பொருள் விற்பவர்கள் கேட்வேயிலிருந்து வந்ததை எல்லாம் உடனே சரக்குக்குப் போட்டுவிடாமல், ஒரு பங்கைக் கையிருப்பாக வையுங்கள். ரூ.29,292 வரும் என்று நெசவாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ரூ.7,702-ஐக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். அவருக்குச் சார்ஜ்பேக் தெரியாது. நம் வாக்குதான் தெரியும்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால் காபி நேரத்தில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.