சபுர் போன இடத்தில் ஒரு பத்திராதிபர்
(நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சபுராளி இல்லாத தெரு நம் ஊரில் இல்லை. போனவர் பணம் அனுப்பினார், வீடு கட்டினார் என்போம். அங்கே அவர் யாராக வாழ்ந்தார் என்று கேட்பதில்லை. அதற்காகத்தான் இன்று கோ. சாரங்கபாணியைப் பற்றிப் பேச வந்தேன்.

1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். முதலில் கணக்கெழுதும் வேலை. பிறகு 'முன்னேற்றம்' வார இதழில் எழுதி, அதன் ஆசிரியரானார். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 'தமிழ் முரசு' தொடங்கியது. அதற்கும் அவரே ஆசிரியர். பின்னர் அதைத் தாமே ஏற்று, நாளிதழாக நடத்தினார்.

அன்று பலருக்கும் சிங்கப்பூர் நாலு காசு சேர்த்துத் திரும்புகிற இடம். பத்திரிகையிலும் ஊர்ச் செய்தியைத்தான் தேடுவார்கள். சாரங்கபாணி ஊர்ச் செய்தியும் போட்டார், கூடவே 'இங்கே உனக்கு என்ன உரிமை?' என்றும் கேட்டார். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பதிவு செய்யுங்கள் என்று விடாமல் வலியுறுத்தினார். பிறந்த மண்ணை விட்டுக்கொடுப்பதா என்று தயங்கியவர்களுக்கு அது சின்ன விஷயமா? ஒரு கையெழுத்தில் பிள்ளைகளின் நாடே மாறுகிறது! தமிழை விடச் சொல்லவில்லை என்பதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். 1952இல் சாதி, மதம் பாராத தமிழர் திருநாளை நடத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கூலித் தொழிலாளிகளும் இயன்றதைக் கொடுத்தார்கள். மாணவர்கள் எழுதிப் பழக 'மாணவர் மணிமன்றம்' என்று தனிப் பகுதியே ஒதுக்கினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். வாசகரைப் பத்திரிகை தானே உண்டாக்கிக்கொண்டது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தொழிலாளர்களுக்காக எழுதிய பத்திரிகையிலேயே 1960களில் வேலைநிறுத்தம் வந்து, முரசு சில காலம் நின்றும் போனது. மீண்டும் வந்தது. அவர் 1974இல் காலமானார். முரசு இன்றும் சிங்கப்பூரில் வருகிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், அத்தாவோ தாத்தாவோ கொண்டுவந்த பழைய முரசு, கப்பல் டிக்கெட், குடியுரிமைத் தாள் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் சங்கத்தில் ஒருமுறை காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள்: 1957இல் யார் பதிவு செய்தார், யார் திரும்பி வந்தார், ஏன்? அந்த விவரங்களை அடுத்த இதழில் போடலாம் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.